‘ஹேவ்’ தப்பாமல் வர: ‘இருக்கு’ என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்.’ லீவு கேட்டு இப்படி ஒரு மெயில் போனால் மேலாளருக்கு விஷயம் புரியும், லீவும் கிடைக்கும். ஆனால் ஏழே சொல்லில் மூன்று தப்பு. மூன்றும் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியதால் வந்தவை.

பேச்சுத் தமிழில் ‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினைச்சொல் கிடையாது. ‘எனக்கு அண்ணன் இருக்கான்’, ‘என்கிட்ட பணம் இருக்கு’, ‘வீட்டுக்கு ரெண்டு வாசல்’ என்று உருபையும் ‘இருக்கு’வையும் வைத்தே காரியத்தை முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த ‘இருக்கு’ கூடவே வந்து காலை வாருகிறது. அது எந்தெந்த இடத்தில் வாரும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

இதற்காகப் பணம் கட்டி வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. 80 பக்க நோட்டு ஒன்று, இரண்டு நிறத்தில் பேனா. 100 ரூபாய்க்குள் முடியும். உச்சரிப்புக்கு கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளம் போதும். இலவசம், பிரிட்டன் உச்சரிப்பும் அமெரிக்க உச்சரிப்பும் தனித்தனியாகக் கேட்கும்.

கூடவே நீங்கள் ஏற்கெனவே ஆங்கிலத்தில் எழுதியவற்றில் நான்கைந்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ரெஸ்யூமே, கடைசியாக அனுப்பிய லீவு மெயில், பேங்குக்கு எழுதிய கடிதம், வாட்ஸ்அப்பில் அனுப்பிய சில செய்திகள். புத்தகத்து உதாரணங்களைத் திருத்துவதைவிட உங்கள் சொந்த வாக்கியத்தைத் திருத்தினால்தான் மனதில் நிற்கும்.

காலம்: தினம் 20 நிமிடம், 3 வாரம். முதல் வாரம் கீழே உள்ள 2 முதல் 4 வரை. இரண்டாம் வாரம் முழுக்க 5-க்கே, அதுதான் கடினம். மிச்சம் மூன்றாம் வாரத்தில்.

உச்சரிப்பில் ஒரு எச்சரிக்கை. தமிழ் எழுத்தில் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ என்று எழுதினாலும் அந்த ஒலி நம் ‘ஏ’ இல்லை. வாயை நன்றாகத் திறந்து, ‘ஆ’வுக்கும் ‘ஏ’வுக்கும் நடுவே எடுக்க வேண்டும். நம் ‘ஏ’வை அப்படியே நீட்டி, முடிவையும் அழுத்தி ‘ஹேட்’ என்றால் ‘வெறுக்கிறேன்’ என்று கேட்கும்.

2. ‘ஹேவ்’வா, ‘ஹேஸ்’ஸா?

ஐ, யூ, வீ, தே வந்தால் ஹேவ். ஹி, ஷி, இட் வந்தால் ஹேஸ். இது எல்லோருக்கும் தெரியும். தப்பு நடப்பது வேறு மூன்று இடங்களில்.

முதலாவது, ‘டஸ்’ வந்த பிறகும் ‘ஹேஸ்’ போடுவது. ‘டஸ் ஷி ஹேஸ் எ பைக்?’ தப்பு, ‘டஸ் ஷி ஹேவ் எ பைக்?’ சரி. ‘ஹேஸ்’ஸில் இருக்கும் ‘ஸ்’ஸை ‘டஸ்’ ஏற்கெனவே வாங்கிக்கொண்டுவிட்டது, இரண்டாவது முறை கொடுக்கக் கூடாது. டிட், வில், கேன், மே, மஸ்ட், ஷுட், டு ஆகியவற்றுக்குப் பிறகும் ஆள் யாராக இருந்தாலும் ‘ஹேவ்’தான்.

இரண்டாவது, பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்து ஏமாறுவது. ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் ஹேஸ் எ கார்.’ கார் வைத்திருப்பது அந்த ஒருவர், ‘ஃபிரெண்ட்ஸ்’ இல்லை. ‘ஈச் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ் ஹேஸ்’ என்பதும் அப்படியே.

மூன்றாவது, ‘எவ்ரிபடி ஹேஸ்’. தமிழில் ‘எல்லாருக்கும்’ என்பது பன்மை, ஆங்கிலத்தில் ஒருமை. இதற்கு நேர்மாறாக ‘பீப்பிள் ஹேவ்’, ‘போலீஸ் ஹேவ்’.

3. ‘எனக்கு’ என்று தொடங்கினாலே ‘ஐ ஹேவ்’ ஆகிவிடாது

எனக்கு ரெண்டு அக்கா: ‘ஐ ஹேவ் டூ எல்டர் சிஸ்டர்ஸ்’. எனக்குத் தலைவலி: ‘ஐ ஹேவ் எ ஹெட்ஏக்’. இதுவரை சரி. ஆனால் எனக்குப் பசிக்குது: ‘ஐ ஆம் ஹங்ரி’. எனக்குப் பயமா இருக்கு: ‘ஐ ஆம் ஸ்கேர்ட்’. எனக்கு வயசு 25: ‘ஐ ஆம் ட்வென்டி ஃபைவ்’. எனக்குத் தெரியும்: ‘ஐ நோ’.

பொதுவாக இப்படிப் பிரிக்கலாம். ஆள், பொருள், நோய், நேரம், சந்தேகம் என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஒன்று உங்களுக்கு இருந்தால் ஹேவ். பசி, பயம், சந்தோஷம், குளிர் என்று நீங்களே ஒரு நிலையில் இருந்தால் ஆம். இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு ஜோடியைக் கவனியுங்கள்: ‘ஐ ஆம் கோல்ட்’ என்றால் குளிருது, ‘ஐ ஹேவ் எ கோல்ட்’ என்றால் சளி பிடித்திருக்கிறது. ஒரு சின்ன ‘எ’ விட்டுப்போனாலும், ஆமும் ஹேவும் இடம் மாறினாலும் நோயே மாறிவிடும்.

நோய் என்றதும் இன்னொன்று. நம் ஊரில் ‘ஐ ஹேவ் பிபி’, ‘ஐ ஹேவ் சுகர்’ என்றால் டாக்டருக்கே புரியும். வெளிநாட்டு மருத்துவமனையிலோ இன்ஷூரன்ஸ் படிவத்திலோ இது செல்லாது. ரத்த அழுத்தம் எல்லோருக்கும்தான் இருக்கிறது. சர்க்கரை சமையலறை டப்பாவில் இருக்கிறது. ‘ஹை பிளட் பிரஷர்’, ‘டயாபடீஸ்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பதும் இப்படித்தான். நம் வகுப்பறைக்கு வெளியே அது ‘நீங்கள் சொல்வதில் நம்பிக்கை இல்லை’ என்ற தொனியில் கேட்கலாம். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ பாதுகாப்பானது.

உயிரில்லாத இடத்துக்கு ‘ஹேஸ்’ஸும் வரும், ‘தேர் ஆர்’ரும் வரும். ‘த ஹவுஸ் ஹேஸ் டூ பெட்ரூம்ஸ்’, ‘தேர் ஆர் டூ பெட்ரூம்ஸ் இன் த ஹவுஸ்’ இரண்டும் சரி. ‘த ஹவுஸ் இஸ் ஹேவிங் டூ பெட்ரூம்ஸ்’ மட்டும் வேண்டாம். ஏன் என்பது அடுத்தது.

4. ‘ஹேவிங்’ என்னும் பள்ளம்

‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘ஐ ஆம் ஹேவிங் ஆன் அக்கவுண்ட் இன் யுவர் பிராஞ்ச்’, ‘ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’. உங்கள் ரெஸ்யூமேயில் மூன்றாவது இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

இது வரக் காரணம் ‘வச்சிருக்கேன்’ என்ற சொல்தான் என்று தோன்றுகிறது. அதன் வாலில் ‘இருக்கேன்’ தொங்குகிறது. ‘இருக்கேன்’ என்றால் ‘ஐ ஆம்’ என்று பள்ளியில் பழகிவிட்டோம். மிச்சமிருக்கும் ‘வச்சு’வுக்கு ‘ஹேவிங்’ போட்டுவிடுகிறோம்.

ஆங்கிலக் காதுக்கு ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ எப்படிக் கேட்கும் தெரியுமா? ‘எனக்கு ரெண்டு அண்ணன் இருந்துகிட்டு இருக்காங்க’ என்பது போல. இதையே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதப்போகும் வாக்கியத்தைத் தமிழில் ‘கிட்டு இருக்கு’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வந்தால் ஹேவிங் கூடாது. ஹேவ் அல்லது ஹேஸ்.

சிரிப்பு வராத இடங்களும் உண்டு. சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்: ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’. மீட்டிங் நடந்துக்கிட்டு இருக்கு: ‘வீ ஆர் ஹேவிங் எ மீட்டிங்’. லாகின் பண்ணக் கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்கேன்: ‘ஐ ஆம் ஹேவிங் டிரபிள் லாகிங் இன்’. இவையெல்லாம் அந்த நேரத்தில் நடக்கும் செயல், அனுபவம். சொந்தம் கொண்டாடுவது இல்லை. ஏற்பாடாகிவிட்ட நாளை விஷயத்துக்கும் வரும்: ‘வீ ஆர் ஹேவிங் எ பார்ட்டி டுமாரோ’. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவருக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. கையில் குழந்தை இருக்கிறது என்று சொல்ல ‘ஷி ஹேஸ் எ பேபி’. இந்த ஒன்றில் தப்பு செய்தால் வாழ்த்து இடம் மாறிப் போகும்.

கேள்வியிலும் இதே பள்ளம். கடையில் ‘ஆர் யூ ஹேவிங் சேஞ்ச்?’ வேண்டாம், ‘டூ யூ ஹேவ் சேஞ்ச் ஃபார் ஃபைவ் ஹண்ட்ரட்?’ கேளுங்கள். பிரிட்டன் வழக்கில் ‘ஹேவ் யூ காட் சேஞ்ச்?’ என்றும் சொல்வார்கள். இல்லை என்பதற்கு ‘ஐ டோன்ட் ஹேவ்’ என்று பாதியில் நிறுத்தாதீர்கள். ‘ஐ டோன்ட் ஹேவ் எனி’ என்று முடியுங்கள், அல்லது ‘நோ, ஐ டோன்ட்’ போதும்.

5. லீவு மெயிலைப் பிரித்துப் போடுவோம்

மறுபடி அதே வாக்கியம்: ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்.’

முதலில் ‘சின்ஸ்’. இங்கே தமிழே உதவிக்கு வரும். ‘ரெண்டு நாளா’ என்று ‘ஆ’வில் முடிந்தால் ஃபார். ‘திங்கள்கிழமையிலிருந்து’ என்று ‘இருந்து’ வந்தால் சின்ஸ். நாம் ‘ரெண்டு நாளிலிருந்து காய்ச்சல்’ என்று சொல்வதில்லையே, பிறகு ‘சின்ஸ் டூ டேஸ்’ மட்டும் எப்படிச் சரியாகும்? ஃபார் டூ டேஸ், ஃபார் த்ரீ இயர்ஸ். சின்ஸ் மண்டே, சின்ஸ் 2019, சின்ஸ் மார்னிங் என்பதைவிட சின்ஸ் திஸ் மார்னிங்.

அடுத்து காலம். தமிழில் ‘2019-லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்’ என்று நிகழ்காலமே போதும். ஆங்கிலத்தில், முன்பு தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை வெறும் நிகழ்காலத்தில் சொல்ல முடியாது. ஹேவ் போட்டு, பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் போட வேண்டும். ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019.’ காய்ச்சலுக்கும் அதே விதி. காய்ச்சலுக்கான வினையே ஹேவ் என்பதால் அதன் மூன்றாம் வடிவமான ‘ஹேட்’ வருகிறது: ‘ஐ ஹேவ் ஹேட்’. பார்க்க அச்சுப்பிழை மாதிரி இருக்கும். பிழையில்லை, முதல் சொல் உதவிக்கு நிற்கிறது, இரண்டாவதுதான் காய்ச்சலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கடைசியாக ‘ஃபீவர்’ முன்னால் ஒரு ‘எ’. ஆக, ‘ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்.’ இதை நோட்டில் ஐந்து தடவை, நோயையும் நாளையும் மாற்றி மாற்றி எழுதுங்கள். காய்ச்சல் போய்விட்டதென்றால் ஹேவையே எடுத்துவிடலாம்: ‘ஐ ஹேட் எ ஃபீவர் லாஸ்ட் வீக்.’

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அடுத்த பொறி. ‘நேத்து மெயில் அனுப்பியிருக்கேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ‘ஐ ஹேவ் சென்ட் த மெயில் எஸ்டர்டே’ என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2020 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேவ் வெளியே போய்விட வேண்டும்: ‘ஐ சென்ட் த மெயில் யெஸ்டர்டே.’ நேரம் சொல்லாவிட்டால் ஹேவ் வரலாம்: ‘ஐ ஹேவ் சென்ட் த மெயில்.’ ஆல்ரெடி, ஜஸ்ட், எவர், திஸ் வீக் இவையெல்லாம் ஹேவோடு நன்றாகப் பழகும்.

இன்னொரு விஷயம், மூன்றாம் வடிவம். ‘ஐ ஹேவ் வென்ட்’ கிடையாது, ‘ஐ ஹேவ் கான்’. கேம் இல்லை, கம். சா இல்லை, சீன். டிட் இல்லை, டன். ரோட் இல்லை, ரிட்டன். தமிழில் எழுதினால் அனுப்பு என்பதும் அனுப்பிய என்பதும் இரண்டும் ‘சென்ட்’ தான். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு. அலுவலக மெயில்களில் அடிக்கடி வழுக்கும் இடம் அது, கையால் எழுதிப் பாருங்கள்.

‘கான்’னுக்கும் ‘பீன்’னுக்கும் உள்ள வித்தியாசம் சட்டென்று சொல்லிவிடலாம். ‘ஹி ஹேஸ் கான் டு மதுரை’: போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. ‘ஹி ஹேஸ் பீன் டு மதுரை’: போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்.

‘சாப்டீங்களா?’ என்பதற்கு ‘ஹேவ் யூ ஈட்டன்?’. பதில் ‘யெஸ், ஐ ஹேவ்’. ‘டூ யூ ஹேவ் எ பென்?’ என்றால் பதில் ‘யெஸ், ஐ டூ’. கேள்வி எதில் தொடங்கியதோ அதையே திருப்பிக் கொடுங்கள்.

6. ‘ஹேட்’டைச் சும்மா போடாதீர்கள்

‘ஐ ஹேட் கால்ட் யூ யெஸ்டர்டே’, ‘ஐ ஹேட் கான் டு த டெம்பிள் ஆன் சண்டே’. கடந்த காலம் என்றாலே ஹேட் போட்டால் மரியாதையாக இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டது போல இது பரவிக் கிடக்கிறது. வெறும் ‘ஐ கால்ட் யூ யெஸ்டர்டே’ போதும். நடந்தவை இரண்டு, அதில் எது முந்தி என்று காட்ட வேண்டும் என்றால்தான் இந்த ஹேட்: ‘வென் வீ ரீச்ட் த ஸ்டேஷன், த டிரெயின் ஹேட் லெஃப்ட்.’ நாம் போவதற்குள் ரயில் போயிருந்தது. தமிழில் ‘போயிருந்தது’, ‘சொல்லியிருந்தேன்’ என்று வந்தால் மட்டும் ஹேட் போடலாமா என்று யோசியுங்கள்.

7. ‘ஹேவ் டு’வும் ‘வேண்டாம்’மும்

நான் போகணும்: ‘ஐ ஹேவ் டு கோ’. அவர் போகணும்: ‘ஹி ஹேஸ் டு கோ’. நேத்து காத்திருக்க வேண்டியதாப்போச்சு: ‘ஐ ஹேட் டு வெயிட்’. பேசும்போது ‘ஹேவ் டு’ என்பது ‘ஹேஃப் டு’ என்றே ஒலிக்கும். காதில் அப்படி விழுந்தால் குழம்ப வேண்டாம்.

கவனம் வேண்டியது எதிர்மறையில். ‘நீங்க வர வேண்டாம்’ என்ற தமிழுக்கு இரண்டு பொருள். வரத் தேவையில்லை, உங்கள் விருப்பம் என்றால் ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’. வராதீர்கள் என்றால் ‘ப்ளீஸ் டோன்ட் கம்’. வரவே கூடாது என்றால் ‘யூ மஸ்ட் நாட் கம்’. இதில் முதலாவதையும் மூன்றாவதையும் மாற்றிப் போட்டு, விடுமுறை நாளில் வர வேண்டாம் என்று சொல்லப்போய் ஊழியரைத் தடை செய்வதாக மெயில் அனுப்பிவிட முடியும்.

மேலதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ ‘யூ ஹேவ் டு சைன் ஹியர்’ என்று சொல்லாதீர்கள், கட்டளையாகக் கேட்கும். ‘குட் யூ ப்ளீஸ் சைன் ஹியர்?’ நல்லது. கல்யாணத்துக்குக் கூப்பிடும்போது மட்டும் ‘யூ ஹேவ் டு கம்’ அழகு. அங்கே வற்புறுத்தல்தானே பாசம்.

8. பல்லை யார் எடுத்தது?

‘முடி வெட்டிக்கிட்டேன்’, ‘பல்லு எடுத்துக்கிட்டேன்’ என்று சொன்னால் சலூன்காரரும் பல் டாக்டரும் செய்தார்கள் என்று தமிழில் தானே புரிந்துவிடும். ‘ஐ ரிமூவ்ட் மை டூத்’ என்றால் நீங்களே இடுக்கியோடு கண்ணாடி முன் நின்றதாக அர்த்தம். பிறரைக் கொண்டு செய்தவற்றுக்கு: ஹேவ், பொருள், மூன்றாம் வடிவம் என்ற வரிசை. ‘ஐ ஹேட் மை ஹேர் கட்.’ ‘ஐ ஹேட் எ டூத் டேக்கன் அவுட்.’ ‘ஐ ஹேட் மை பைக் சர்வீஸ்ட்.’ பேச்சில் ஹேட்டுக்குப் பதிலாக ‘காட்’ போட்டாலும் சரி. பொருளுக்குப் பதிலாக ஆள் வந்தால் வினை முதல் வடிவத்திலேயே நிற்கும்: ‘ஐ வில் ஹேவ் ஹிம் கால் யூ’, அவரை உங்களைக் கூப்பிடச் சொல்றேன்.

9. ‘போயிருக்கணும்’ வகை

இங்கே நம் ‘இரு’ ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறது. போயிருக்கணும்: ‘ஷுட் ஹேவ் கான்’. போயிருக்கலாம்: ‘குட் ஹேவ் கான்’. இந்நேரம் போயிருப்பார்: ‘மஸ்ட் ஹேவ் கான்’. ஹி, ஷி வந்தாலும் ஹேஸ் ஆகாது. வேகமாகப் பேசும்போது இந்த ஹேவ் ‘அவ்’ என்று சுருங்கி ‘ஆஃப்’ போலக் கேட்கும். அதைக் கேட்டு ‘குட் ஆஃப்’ என்று எழுதுபவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் இருக்கிறார்கள், நீங்கள் எழுதாதீர்கள்.

10. அனுப்பும் முன் இரண்டு நிமிடம்

மெயிலை எழுதி முடித்ததும் கண்ட்ரோல் எஃப் அழுத்தி மூன்று சொல்லைத் தேடுங்கள். முதலில் ‘ஹேவிங்’: அதற்கு முன்னால் ஆம், இஸ், ஆர் இருந்தால் ‘கிட்டு இருக்கு’ சோதனை. அடுத்து ‘சின்ஸ்’: பின்னால் எண்ணோடு டேஸ், மன்த்ஸ், இயர்ஸ் வந்தால் ஃபார் ஆக்குங்கள், வருடத்தின் பெயரோ கிழமையோ வந்தால் விட்டுவிடுங்கள். மூன்றாவது ‘ஹேட்’: அதே வாக்கியத்திலோ முந்தைய வாக்கியத்திலோ நடந்துபோன இன்னொரு சம்பவம் இல்லாவிட்டால், எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ‘ஹேட் எ ஃபீவர்’, ‘ஹேட் டு வெயிட்’, ‘ஹேட் மை ஹேர் கட்’ போன்றவற்றில் ஹேட்தான் முக்கிய வினை, அதை எடுத்தால் வாக்கியம் இடிந்து விழும். அங்கே கை வைக்காதீர்கள்.